சேர்வராயன் மலையில் இயற்கைக் குடியிருப்பைப் பார்க்கப் போகிறோம்: எதைப் பார்ப்பது, எதைக் கேட்பது?

வாழப்பாடி_6குடும்பம்

வணக்கம். வாழப்பாடிக்குப் பக்கத்தில் 6 குடும்பங்கள் சேர்ந்து 4 ஏக்கர் வாங்கியிருக்கிறோம். செம்மண் நிலம், ஒரு கிணறு, வாய்க்கால் ஓரமாகக் கொஞ்சம் பாக்கு மரம். சிமென்ட்டைக் குறைத்து வீடு கட்டி, நடுவில் கூட்டாக விவசாயம் செய்வது திட்டம்.

அதற்கு முன்னால், ஏற்காட்டுப் பக்கம் மண்வீடும் இயற்கை விவசாயமுமாக இருக்கிற ஒரு குடியிருப்பில் 2 நாள் தங்கிப் பார்க்கப் பேசியிருக்கிறோம். சுமார் 15 வீடுகள், காப்பி, மிளகு, காய்கறி, மாடு, மழைநீர்த் தொட்டி, உலர் கழிப்பறை எல்லாம் அங்கே உண்டாம். சுற்றிக் காட்டுகிறவர்கள் நல்லதைத்தான் காட்டுவார்கள், அது இயல்பு. நாங்களாக எதைத் தேடிப் பார்க்க வேண்டும்? எந்த மாதம் போவது நல்லது? மலையில் செய்வதில் எது வாழப்பாடிக்கு ஆகும், எது ஆகாது? கட்டடம், விவசாயம், தண்ணீர் தெரிந்தவர்கள் விவரமாகச் சொன்னால் உதவியாக இருக்கும். பெரியவர்களும் குழந்தைகளும் வருகிறார்கள்.

மண்சுவர்_மேஸ்திரி

ஐப்பசி, கார்த்திகையில போங்க. சித்திரையில எந்த மண்வீடும் அழகாத்தான் இருக்கும். வடகிழக்கு மழை நாலு நாள் விடாம பேஞ்ச பிறகுதான் சுவர் உண்மையைச் சொல்லும்.

வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி வெளியில ஒரு சுத்து வாங்க. தரையிலிருந்து 2 அடி உயரம் வரைக்கும் சுவரோட அடியைப் பாருங்க. மண்சுவர் கெடுறது பெரும்பாலும் அங்கதான். கூரையிலிருந்து விழற தண்ணி தரையில அடிச்சுத் தெறிச்சு சுவர் அடியை அரிச்சுக்கிட்டே இருக்கும். கருங்கல் அஸ்திவாரம் தரைக்கு மேல குறைஞ்சது ஒன்றரை அடி எழுந்திருக்கணும், மலையில 2 அடி இருந்தா நல்லது. கூரை சுவரைத் தாண்டி 2 முதல் இரண்டரை அடி வெளிய நீட்டியிருக்கணும். இந்த ரெண்டும் சரியா இருந்தா சாதாரண மண்ணுல கட்டின சுவர்கூட பல வருஷம் நிக்கும். ரெண்டும் இல்லாம எவ்வளவு சிமென்ட் கலந்தாலும் அடி கரையும்.

மலைச்சரிவுல இன்னொரு விஷயம். வீட்டுக்கு மேட்டுப் பக்கம் போய்ப் பாருங்க. மண்ணை வெட்டிச் சமன் பண்ணித்தான் கட்டியிருப்பாங்க. மேல இருந்து ஊறி வர்ற தண்ணியை மறிச்சுத் திருப்புற வாய்க்கால் சுவருக்கு 5, 6 அடி தள்ளி இருக்கணும், அதுல இலை தூர்ந்து கிடக்கக் கூடாது. தாங்குசுவர் இருந்தா அதுல தண்ணி வடியற துளை இருக்கா, மழை விட்ட பிறகு அந்தத் துளையில தண்ணி வருதான்னு பாருங்க. துளை காஞ்சு கிடந்து சுவர் முகம் பூரா நனைஞ்சிருந்தா, பின்பக்கம் ஜல்லி போடாம வெறும் மண்ணை நிரப்பிட்டாங்கன்னு அர்த்தம். அந்தச் சுவர் என்னைக்கோ ஒரு நாள் சாயும். வாழப்பாடி சமதரையில உங்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. உங்களுக்குக் கரையான்தான் பெரிய எதிரி. அதனால அங்க கதவு நிலையும் மூங்கிலும் தரையைத் தொடுற இடங்களைத் தட்டிப் பாருங்க.

பூச்சை விரல் முட்டியால தட்டுங்க. டொக்கு டொக்குனு உள்ள வெத்தா இருக்கிற மாதிரி சத்தம் வந்தா பூச்சு சுவரை விட்டுப் பிரிஞ்சிருக்கு. மண்சுவர் மேல சிமென்ட் பூச்சு பூசினா இதுதான் நடக்கும். சுவர் ஈரத்தை வாங்கி விட்டுக்கிட்டே இருக்கும், சிமென்ட் அதை விடாது, உள்ளயே ஈரம் தங்கி மண் இளகி, பூச்சு தகடு தகடா வரும். சுண்ணாம்பு 1, மணல் 3, கூட கடுக்காயும் வெல்லமும் ஊற வச்ச தண்ணி. அந்தப் பூச்சுதான் மண்ணோட சேந்து மூச்சு விடும். உள்பக்கம் களிமண், மணல், பொடியா நறுக்கின வைக்கோல், சாணம் போதும். பூச்சை எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை தொடுறாங்க, யார் தொடுறாங்க, அன்னைக்குக் கூலி எவ்வளவுன்னு கேளுங்க. "பராமரிப்பே இல்லை"ன்னு சொன்னா நம்பாதீங்க.

அழுத்தின மண்கல்லில கட்டியிருந்தா, மிச்சம் கிடக்கிற ஒரு கல்லைக் கேட்டு வாங்கி ஒரு நாள் முழுக்கத் தண்ணியில போட்டு எடுங்க. ஓரம் விரலால உதிர்ந்தா கலவையோ பதமோ தப்பு. மூங்கில் கூரைன்னா என்ன மருந்தில ஊற வச்சாங்கன்னு கேளுங்க. போரிக் அமிலம் ஒரு பங்கு, போராக்ஸ் ஒன்றரைப் பங்கு, தண்ணியில மொத்தம் 5, 6 சதம் வர்ற மாதிரி கரைச்சு ஒரு வாரம் ஊற வைக்கிறது வழக்கம். கணுவுக்குக் கணு உள்தடுப்பைத் துளைச்சிருக்கணும், இல்லைன்னா மருந்து உள்ள போகாது. மூங்கிலுக்குக் கீழ தரையில மஞ்சளா மாவு மாதிரி கொட்டியிருந்தா வண்டு புகுந்தாச்சு.

காப்பி_மிளகு

விவசாயப் பக்கம் நான் சொல்கிறேன். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அரபிக்கா காப்பிக்கு அந்தக் குளிர் வேண்டும். வாழப்பாடியில் அது வராது, ஆசைப்பட வேண்டாம். ஆனால் காப்பித் தோட்டத்தை நிதானமாகப் பாருங்கள். அடுக்கடுக்காகப் பயிர் வைப்பது எப்படி என்று அதைவிடத் தெளிவாகக் காட்டுகிற இடம் நம் மாவட்டத்தில் இல்லை. மேலே சில்வர் ஓக்கும் பலாவும், அதில் ஏறிய மிளகு, நடுவில் கல்யாண முருங்கை, ஆரஞ்சு, கீழே காப்பி, தரையில் உதிர்ந்த இலை. நிழலை எந்த மாதம், எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய முதல் கேள்வி. நிழல் அதிகமானால் பூஞ்சாணமும் காய்த்துளைப்பானும் கூடும். குறைந்தால் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வரும், அரபிக்காவை அடியோடு சாய்ப்பது அதுதான். தண்டில் பட்டைக்கு அடியில் வரிவரியாக மேடு தட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தச் செடியை வண்டு பறக்கும் பருவத்துக்கு முன், அதாவது ஏப்ரலுக்கும் அக்டோபருக்கும் முன்பே, பிடுங்கி எரித்திருக்க வேண்டும். மற்றச் செடிகளில் தளர்ந்த பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுத்துவிட்டு, 100 லிட்டர் தண்ணீருக்கு 10 கிலோ சுண்ணாம்பு கரைத்துத் தண்டு நனைய அடிப்பார்கள். பட்டை இடுக்கில்தான் வண்டு முட்டை வைக்கும், இடுக்கு இல்லாவிட்டால் அதற்கு இடமில்லை.

மிளகில் பார்க்க வேண்டியது அடிப்பகுதி. மழைக்காலத்தில் தண்ணீர் நின்றால் வாடல் நோய் ஒரு வாரத்தில் கொடியைக் கொன்றுவிடும். கொடியடியில் குழியாக இருந்தால் கவனிப்பு போதாது, மேடு கட்டியிருந்தால் நல்லது. இந்தப் பாடம் உங்களுக்கு நேரடியாக ஆகும். உங்கள் பாக்கு மரங்களில் மிளகு ஏற்றலாம். பாக்குக்குக் குறைந்தது 6, 7 வயது ஆகியிருக்க வேண்டும், சொட்டுநீர் வேண்டும், மேற்கு வெயிலைத் தடுக்க ஒரு வரிசை வாழையோ அகத்தியோ வேண்டும். மலைக்காற்றில் இருக்கும் ஈரம் வாழப்பாடியில் இல்லை, அதை மூடாக்கால்தான், அதாவது மண்ணை இலை, சருகால் மூடி வைப்பதால்தான், ஓரளவு ஈடுகட்ட முடியும். பாக்கு மட்டையைத் தட்டுக்கு விற்றது போக மிச்சத்தை மிளகின் அடியில் போடுங்கள்.

ஜீவாமிர்தம் என்ற சாணக் கரைசலைக் காட்டுவார்கள். 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ நாட்டு மாட்டுச் சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண். நிழலில் வைத்துக் காலை மாலை கலக்கிவிட்டால் சமவெளியில் 2 நாளில் தயார். மலையில் மார்கழிக் குளிரில் கூடுதல் நாள் பிடிக்கும். அவர்கள் சொல்லும் நாள் கணக்கை அப்படியே வாழப்பாடிக்குக் கொண்டுவந்தால் இங்கே புளித்து நாறிவிடும். குழாயில் வரும் குளோரின் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது. காய்ந்த நிலத்தில் விட்டாலும் பயன் இல்லை, ஈரமும் மூடாக்கும் இருக்கிற மண்ணில்தான் அது வேலை செய்யும். ஒரு ஏக்கருக்கு ஒரு பீப்பாய், 15 நாளுக்கு ஒரு முறை என்பது வழக்கமான அளவு.

கண்ணால் பார்க்க முடியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே சாப்பிடும் அரிசி, பருப்பு, எண்ணெயில் எது சொந்த நிலத்தில் விளைந்தது? வெளியிலிருந்து வாங்கும் இடுபொருள் எது? மாட்டுத் தீவனம் சொந்தமா, விலைக்கா? பாசனம் இருந்தால் ஒரு மாட்டுக்கு 10 முதல் 15 சென்ட் கம்பு நேப்பியர் புல் வேண்டும். 4 ஏக்கரில் எத்தனை மாடு தாங்கும் என்பதை இந்தக் கணக்கில் இருந்து தொடங்குங்கள். வேலை செய்கிறவர்கள் குடியிருப்பவர்களா, பக்கத்து ஊர் ஆட்களா, தங்கிக் கற்றுக்கொள்ள வரும் இளைஞர்களா? சம்பளமில்லாத கைகளால் ஓடும் தோட்டத்தின் லாபக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. நல்ல இடம் என்றால் கணக்கு நோட்டையே எடுத்துக் காட்டும், கேட்கத் தயங்க வேண்டாம்.

நேரம் கிடைத்தால் பக்கத்தில் இருக்கும் மலையாளி என்ற மலைவாழ் பழங்குடி மக்களின் ஊர் ஒன்றையும் அனுமதி கேட்டுப் பாருங்கள். சாமை, கேழ்வரகு, மொச்சை கலந்து விதைக்கும் சரிவு நிலங்களும், மண்சுவர் வீடுகளும் அங்கே காலங்காலமாக இருப்பவை. அந்த மழைக்கும் சரிவுக்கும் எது நிற்கும் என்பதை அந்த ஊர்க்காரர்களைவிட நன்றாகச் சொல்ல ஆள் இல்லை. காட்டுமாடு இறங்கும் வழியில் என்ன விதைக்கிறார்கள், எதை விதைப்பதில்லை என்றும் அவர்களிடமே கேளுங்கள்.

தண்ணிக்கணக்கு

மழைநீர்த் தொட்டியைப் பார்த்ததும் கொள்ளளவைக் கேட்பார்கள் எல்லாரும். கூரைப் பரப்பைக் கேளுங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ மழை பெய்தால் 1 லிட்டர். ஓட்டுக் கூரையில் தெறிப்பும் உறிஞ்சலும் போக 80 சதம் கைக்கு வரும். ஏற்காட்டில் வருஷத்துக்குச் சுமார் 1,500 மி.மீ என்று வைத்தால் 100 சதுர மீட்டர் கூரைக்கு 1,20,000 லிட்டர். சேலம் சமவெளியில் சுமார் 1,000 மி.மீ, அதே கூரைக்கு 80,000 லிட்டர். மலையில் பார்க்கும் தொட்டி நிரம்புவதைப் பார்த்து அதே அளவில் கட்டினால் உங்களுடையது நிரம்பாது.

தொட்டி அளவைத் தீர்மானிப்பது வருஷ மழை இல்லை, மழையில்லாத நாட்கள். 4 பேர், ஆளுக்கு 70 லிட்டர், நாளைக்கு 280. தை பிறந்து கோடை மழை வரும் வரை 100 நாள் என்றால் 28,000 லிட்டர். குடிக்க, சமைக்க மட்டும் மழைநீர், மற்றதுக்குக் கிணறு என்று பிரித்தால் ஆளுக்கு 10 லிட்டர் போதும், தொட்டி 4,000 லிட்டரில் முடிந்துவிடும். கிணறு வைத்திருக்கும் உங்களுக்கு நான் இந்த இரண்டாவது வழியைத்தான் சொல்வேன்.

முதல் மழைத் தண்ணீரைக் கழித்துவிடும் குழாய் இருக்கிறதா பாருங்கள். 100 சதுர மீட்டருக்கு 100 முதல் 200 லிட்டர் கழிய வேண்டும். பல இடங்களில் ஒரு முழக் குழாய் வைத்துவிட்டு முதல் மழையைக் கழிப்பதாகச் சொல்வார்கள், அதில் 5 லிட்டர்கூட நிற்காது. குழாயின் அடியில் சொட்டு வடியும் சிறு துளை வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மழைக்கு அது நிரம்பியே நிற்கும். நிரம்பி வழியும் வாயில் கொசுவலை கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஃபெரோசிமென்ட் (கம்பிவலை மேல் சிமென்ட் பூசிய) தொட்டி என்றால் கோடையில் முழுக்கக் காயவிடுகிறார்களா என்று கேளுங்கள். காயவிட்டால் மயிரிழை வெடிப்பு விடும்.

உலர் கழிப்பறைக்கு இரண்டு அறை இருக்கும். ஒன்று நிரம்பியதும் மூடி, மற்றதைப் பயன்படுத்தி, மூடியதை ஒரு வருஷம் கழித்துத் திறப்பது பாதுகாப்பு. மலம் விழும் துளையில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் போகக் கூடாது. கழுவும் தண்ணீருக்கும் சிறுநீருக்கும் தனித்தனி வழி. நாற்றம் வந்தால் காரணம் பெரும்பாலும் ஈரம்தான். விருந்தாளிகள் பழக்கம் இல்லாமல் துளை மேலேயே கழுவிவிடுவார்கள், ஒரு வாரக் கூட்டத்தில் அறை சேறாகிவிடும். அதனால் தயவுசெய்து உங்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு முதலிலேயே சொல்லிக்கொடுங்கள். ஒவ்வொரு முறையும் 2 கை சாம்பலோ மரத்தூளோ போட வேண்டும். எரிவாயு அடுப்பு வந்த வீட்டில் சாம்பலுக்கு எங்கே போவது? மலையில் காப்பித் தொலி இருக்கிறது. வாழப்பாடியில் மரம் அறுக்கும் பட்டறைத் தூள் கிடைக்கும், இப்போதே பேசி வையுங்கள். சிறுநீரை 1 பங்குக்கு 10 பங்கு தண்ணீர் கலந்து வாழைக்கும் புல்லுக்கும் விடலாம். திருச்சி மாவட்டம் முசிறியில் பொதுக் கழிப்பறையாகவே இந்த முறை நடந்திருக்கிறது, கழிப்பறைக்காக மட்டும் பார்க்க வேண்டும் என்றால் அந்தப் பக்கம் விசாரியுங்கள்.

சாண எரிவாயு உங்களுக்கு மலையைவிட நன்றாக வரும். 20 டிகிரிக்குக் கீழே போனால் வாயு குறையும், ஏற்காட்டுக் குளிர்காலத்தில் அதுதான் சிக்கல். 2 கன மீட்டர் கலனுக்கு நாளைக்கு 50 கிலோ சாணம், அதே அளவு தண்ணீர். சூரியத் தகடு ஒரு கிலோவாட்டுக்குத் தெளிந்த நாளில் 4 யூனிட் தரும். பனிமூட்ட நாட்களில் அங்கே எதை ஓட்டினார்கள், எதை நிறுத்தினார்கள் என்று கேளுங்கள்.

வாழப்பாடி_6குடும்பம்

ரொம்ப நன்றி. மேஸ்திரி அண்ணா, ஒரு சந்தேகம். எங்கள் மண்ணைப் பாட்டிலில் போட்டுக் குலுக்கி ஒரு நாள் வைத்தோம். 10 செ.மீ படிவில் மணல் நாலரை, வண்டல் 2, களி மூன்றரை. இதில் கல் அழுத்தலாமா? அந்தக் குடியிருப்பில் அவர்கள் மண்ணை அப்படியே அழுத்தியதாகச் சொல்கிறார்கள்.

மண்சுவர்_மேஸ்திரி

அவங்க மண்ணு வேற, உங்க மண்ணு வேற. சிமென்ட் கலந்து அழுத்துற கல்லுக்கு ஆரோவில் மண் கட்டடக் கழகம் சொல்ற அளவு சரளை 15, மணல் 50, வண்டல் 15, களி 20 சதம். உங்களுது களி ஜாஸ்தி. அப்படியே அழுத்தினா காயும்போது வெடிக்கும். 4 கூடை மண்ணுக்கு 2 கூடை மணல் சேருங்க, களி 23 சதத்துக்கு வந்துடும். ஆத்து மணல் வேண்டாம், குவாரித் தூள் போதும். தண்ணியில களி உப்பி நிக்கும், பாட்டில் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். அதனால ஒரு கூடை, ஒன்றரை, 2 கூடைன்னு மூணு கலவையில பத்துப் பத்துக் கல் அழுத்திப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

மேல் மண் ஒரு அடியை வயலுக்கு எடுத்து வச்சிருங்க. அதுல வேரும் மக்கும் இருக்கும், கல்லுக்கு ஆகாது. கீழ் மண்ணை 10 மி.மீ சல்லடையில சலிங்க. சிமென்ட், மொத்த எடையில 5 சதம். ஒரு மூட்டைக்குச் சுமார் 950 கிலோ காஞ்ச கலவை, 7 கிலோ கல்லா 140 வரும். மண்ணும் சிமென்ட்டும் காஞ்சபடியே நிறம் ஒண்ணாகுற வரைக்கும் புரட்டிட்டு, அப்புறம் தண்ணி தெளிங்க. பதம் தெரிய, கையில இறுக்கி உருண்டை பிடிச்சு நெஞ்சு உயரத்திலிருந்து போடுங்க. நாலஞ்சு துண்டா உடைஞ்சா சரி. தூளாப் போனா தண்ணி பத்தல, அப்படியே தட்டையா உக்காந்தா அதிகம். தண்ணி பட்ட கலவையை அரை மணி நேரத்துல அழுத்தி முடிச்சிடணும், மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி கலந்து வச்சுட்டுப் போனா அந்தக் கல் பூரா வீண். அழுத்தின கல்லை நிழல்ல அடுக்கித் தார்ப்பாயால மூடி, 28 நாள் காயவிடாம தண்ணி காட்டணும். நிறைய பேர் ஒரு வாரத்தோட விட்டுடறாங்க, அதுலதான் பலம் போகுது.

அடிவாரம்

பயணம் பற்றி. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள். குப்பனூர் வழியாகவும் ஏறலாம், நீங்கள் வாழப்பாடியிலிருந்து வருவதால் அதுவே உங்களுக்குப் பக்கம். கனமழையில் மண் சரியும் பாதைகள் இவை, கிளம்பும் காலையில் போக்குவரத்து உண்டா என்று கேட்டுக்கொண்டு ஏறுங்கள். பனி இறங்குவதற்கு முன் மதியத்துக்குள் மேலே போய்விடுவது பெரியவர்களுக்கு நல்லது. சனி, ஞாயிறும் மே மாதக் கோடை விழாவும் வேண்டாம், உங்களுக்குப் பதில் சொல்ல அங்கே யாருக்கும் நேரம் இருக்காது. ஆரஞ்சு, காப்பி பறிக்கும் நாட்களில் போனால் ஒரு வேளை வேலையில் கைகொடுங்கள். பறித்துக்கொண்டே கேட்கும் கேள்விக்குத்தான் முழுப் பதில் வரும். வீடுகள் காட்சிப் பொருள் இல்லை, கேட்காமல் உள்ளே போகவோ படம் எடுக்கவோ வேண்டாம். தட்டு, டம்ளர், தண்ணீர்ப் பாத்திரம் கொண்டுபோங்கள். உலர் கழிப்பறை இருக்கும் இடத்தில் ஈரத் துடைப்பானும் குழந்தை நாப்கினும் போட இடமில்லை, திருப்பி எடுத்துவர ஒரு பை வேண்டும்.

இன்னொன்று: உங்கள் மண்ணுக்கும் வெயிலுக்கும் இன்னும் நெருக்கமான இடம் தருமபுரி மாவட்டம் சிட்லிங்கி. 1993-ல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் பழங்குடி மக்களுக்காக மருத்துவமனை தொடங்கிய பள்ளத்தாக்கு. அங்கே இயற்கை விவசாயிகள் சங்கமாகச் சேர்ந்து சிறுதானியத்தை மாவாகவும் தின்பண்டமாகவும் விற்கிறார்கள். 6 குடும்பம் சேர்ந்து விளைவிக்கிறதை யார் விற்பது, கணக்கை யார் எழுதுவது என்பதற்கு அங்கே பதில் கிடைக்கும். சேலத்திலிருந்து மஞ்சவாடி, அரூர் வழி. முதலில் எழுதிக் கேட்டு, அவர்கள் சொல்லும் நாளில் 2, 3 பேர் மட்டும் போங்கள். வேலை நடக்கும் மருத்துவமனை அது.

காப்பி_மிளகு

அடிவாரம் சொன்னதோடு ஒன்று. மலையில் இடம் பிடித்துப்போய் அங்கேயே வாங்கலாம் என்று யாருக்காவது தோன்றினால், முன்பணம் கொடுக்கும் முன் பட்டா எந்த வகை, பழங்குடியினருக்கு ஒதுக்கிய நிலமா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் பாருங்கள். ஏற்காடு மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகளுக்குள் வருகிறது, வீடு கட்டத் தனி அனுமதி வேண்டும். மிளகுக் கன்று வேண்டுமென்றால் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஏற்காடு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் இருப்பு கேட்டுவிட்டு, திரும்பும் வழியில் எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் போனால் உடனே நடலாம், ஒரு பாக்கு மரத்துக்கு 2 கன்று, வடக்குப் பக்கம், மரத்திலிருந்து ஒரு அடி தள்ளி.